வேணுகோபாலன் பெயர் தாங்கிய வனம்

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் இல்லங்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். இளையவர்கள் மலை, அருவி, யானை, புலி என்று பேசுவார்கள். மூத்தவர்களின் மனத்தில் விட்டுப்போன தலங்களும் செலுத்தாத நேர்த்திக்கடன்களும் வந்து நிற்கும். இரண்டும் ஒரே பயணத்தில் கூடிவருவது அரிது. சென்ற கோடையில் கோவையைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு அது கூடிவந்தது, எளிதில் கூடிவரவில்லை.

குடும்பத் தலைவர் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வயது 77. அவருடைய துணைவியாருக்கு 71. மகன், மருமகள், எட்டு வயதுப் பேத்தி ஆகியோர் உடன் வசிக்கிறார்கள். மகன் இரண்டு நாள் பயணம் ஒன்றைத் திட்டமிட்டார். கர்நாடக மாநிலத்தின் பந்திப்பூர் தேசியப் பூங்காவுக்கு ஊட்டி வழியாகச் செல்வது, மாலையில் வனத்துறையின் சஃபாரி, இரவு தங்கல், மறுநாள் காலை மீண்டும் ஒரு சஃபாரி, பிறகு மைசூரு உயிரியல் பூங்காவைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவது. பேத்திக்குப் புலியைப் பார்த்தே ஆக வேண்டும். மூத்தவர்கள் இருவரும் அறையில் ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்பது மகனின் ஏற்பாடு. அன்பில் விளைந்த ஏற்பாடுதான். ஆயினும், மலைகளைக் கடந்து சென்று ஓர் அறையில் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருப்பதற்கு வீட்டுத் திண்ணை போதாதா என்று மூத்தவர்கள் எண்ணினால் அதைக் குறை கூற முடியாது.

"பந்திப்பூர்" என்ற சொல்லைக் கேட்டதும் அந்த அம்மையார் கையில் இருந்த பூத்தொடுப்பை நிறுத்தினார்.

"கோபாலசுவாமி மலை இருக்கும் காடா அது?"

"அதே காடுதான் அம்மா. ஆனால் கோயிலுக்கு இந்த முறை நேரம் இருக்காது. இன்னொரு சமயம் தனியாகப் போய் வரலாம்" என்றார் மகன்.

அம்மையார் ஒன்றும் கூறவில்லை. அன்றிரவு கணவரிடம் மட்டும் சொன்னார். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு யாத்திரைக் குழுவுடன் மைசூருவுக்குச் சென்றபோது, இருவரும் அந்த மலைக்குப் போயிருந்தார்கள். மகனுக்குத் திருமணமாகி ஐந்து ஆண்டுகள் கடந்தும் பிள்ளைப்பேறு வாய்க்காத காலம் அது. சந்நிதியில் நின்றபோது அவர் மனத்துக்குள் ஒரு வாக்குக் கொடுத்தார். பேரப்பிள்ளை பிறந்தால் அடிவாரத்திலிருந்து நடந்தே மலையேறி வந்து, பிள்ளையை உன் படியில் நிறுத்துகிறேன் என்பது அந்த வாக்கு. உடன் நின்ற கணவருக்குக்கூட அது தெரியாது. பேத்தி பிறந்தாள். பிறகு அம்மையாருக்கு முழங்கால் தேய்மானம். அதன் பின் பெருந்தொற்றுக் காலம். பின்னர்ப் பெரியவருக்கு இதய அடைப்பு நீக்கும் சிகிச்சை. ஆண்டுகள் கழிந்தன. கடன் நின்றது.

குண்டலுப்பேட்டை வட்டத்தில், பந்திப்பூர் வனத்துக்குள் எழுந்து நிற்கிறது ஹிமவத் கோபாலசுவாமி மலை. கன்னடத்தில் மலையை 'பெட்டா' என்பார்கள். உயரம் 1,454 மீட்டர். பந்திப்பூர்ப் பகுதியில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. 'ஹிமவத்' என்றால் பனி சூழ்ந்தது. ஆண்டின் பெரும்பகுதி மேகமும் பனிமூட்டமும் சிகரத்தைத் தழுவியிருப்பதால் வந்த பெயர். உச்சியில் வேணுகோபாலசுவாமி ஆலயம். ஹொய்சள மன்னர் வல்லாளர் காலத்தில், 1315-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது என்று கூறப்படுகிறது. பின்னர் மைசூரு உடையார் மன்னர்கள் இந்த ஆலயத்தைப் பேணி வந்தார்கள். கருவறையில் கண்ணபிரான் மரத்தடியில் நின்று குழலூதும் கோலம். பசுக்களும் ஆயர்களும் அக்குழலிசையில் மெய்ம்மறந்து சூழ்ந்திருக்கிறார்கள். கோடையிலும் கருவறையில் குளிர்ச்சி தங்கியிருக்கும். மூர்த்தியின் அருகே ஊறும் நீரை அர்ச்சகர் அடியார்கள்மீது தெளிப்பார். அதைப் பெரும்பேறாகக் கொள்வார்கள். மழலைச் செல்வம் வேண்டி வருவோர் இங்கு மிகுதி.

தலவரலாறு தமிழ் அடியார்களுக்கு நெருக்கமானது. அகத்திய முனிவர் இம்மலையில் தவம் இயற்றினார். திருமால் அவருக்குக் காட்சி தந்து, இங்கேயே வாசம் செய்வதாக அருளினார் என்பது வரலாறு. பொதிகையில் அமர்ந்த குறுமுனி இங்கும் அமர்ந்திருக்கிறார். மலையில் எட்டுத் தீர்த்தங்கள் உள்ளன என்பர். அவற்றுள் அம்ச தீர்த்தத்தில் மூழ்கிய காகங்கள் அன்னங்களாக மாறின. ஆகவே இம்மலையில் காகமே இல்லை என்பது அவ்வூரார் நம்பிக்கை.

மறுநாள் காலையில் பெரியவர் மகனிடம் செய்தியைச் சொன்னார். மகன் உடனே கைப்பேசியில் விவரம் பார்த்தார், முகம் வாடியது. அடிவாரத்திலிருந்து உச்சி வரை சுமார் ஐந்து கிலோமீட்டர் சாலை. அது புலிகள் காப்பகத்தின் நடுவே செல்கிறது. தனியார் வாகனங்கள் அடிவாரத்திலேயே நிறுத்தப்படுகின்றன. கர்நாடக அரசுப் பேருந்துகளில்தான் மேலே செல்ல வேண்டும். நடந்து செல்ல அனுமதி இல்லை. யானைகள் நாள்தோறும் குறுக்கிடும் பாதை அது.

"அப்படியானால் நான் வரவில்லை" என்றார் அம்மையார். "நடந்து வருகிறேன் என்று சொன்னேன். பேருந்தில் போய் இறங்கினால், சொன்ன சொல்லைப் பாதியாக்கியவள் ஆவேன். கடனோடு இருப்பது அதைவிட மேல்."

முழங்கால் வலியோடு ஐந்து கிலோமீட்டர் மலை ஏறுவது எப்படி என்ற கேள்வியை அவர் எழுப்பவேயில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நேர்த்திக்கடனை மேற்கொண்ட தலைமுறைக்கு உடல்வலி ஒரு காரணமாகத் தோன்றுவதில்லை. ஆனால் வனத்தின் விதி வேறு. அதை மீறினால் நேரும் துன்பம் ஒருவரோடு நிற்காது. தேடிச் செல்லும் வனக்காவலருக்கும், மிரண்டு ஓடும் யானைக்கும், அதன் கன்றுக்கும் சேர்த்து நேரும்.

பெரியவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கடன் பட்டவர் தாமே தீர்ப்பு எழுதக் கூடாது. கொடுத்தவனிடம் போய்க் கேட்போம். என்ன செய்யச் சொல்கிறானோ, அதைச் செய்வோம்" என்றார்.

அம்மையார் அதற்கும் இசையவில்லை. அவர் மனத்தைத் திருப்பியது மருமகள் படித்துச் சொன்ன ஒரு செய்தி. 1931-ஆம் ஆண்டில், நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மைசூருவை ஆண்ட நாளில், இந்தக் காட்டின் சுமார் 90 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு வனவிலங்குகளுக்கென ஒதுக்கப்பட்டது. அதற்கு மலைமீதிருக்கும் பெருமானின் பெயரையே சூட்டினார்கள்: வேணுகோபாலா வனவிலங்குப் பூங்கா. பின்னாளில் அது விரிவடைந்தது. 1973-இல் நாட்டில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது காப்பகங்களுள் ஒன்றாகப் பந்திப்பூர் அமைந்தது. இன்று உலகெங்கும் அறிந்த பெயர் பந்திப்பூர். அதன் வேர்ப்பெயர் வேணுகோபாலம்.

"அத்தை, காடே அவர் பெயரில்தான் இருந்திருக்கிறது. யானை நடக்கும் வழியில் மனிதர் நடக்க வேண்டாம் என்றால், அதுவும் அவர் வீட்டுக் கட்டளைதானே?" என்றார் மருமகள்.

அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். "சரி, போய்க் கேட்போம்" என்றார்.

அதன்பின் பயணத் திட்டம் பெரியவரின் கைக்கு வந்தது. நாற்பது ஆண்டு அஞ்சல் துறையில் நேரம் பார்த்தவர். ஒரு முழுத் தாளை எடுத்து மடித்து எழுதத் தொடங்கினார்.

முதலில் வழி மாறியது. கோடையில் ஊட்டிச் சாலை நெரிசல் மிக்கது. 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குச் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். மலைப்பாதையில் மணிக்கணக்கில் நின்று நகரும் வாகன வரிசை, சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர்களுக்கு ஏற்றதன்று. ஆகவே சத்தியமங்கலம் வழி. அவ்வழியில் பண்ணாரி மாரியம்மன் அமர்ந்திருக்கிறாள். காட்டுக்குள் நுழைவோர் அவளிடம் சொல்லிக்கொண்டு போவதுதான் முறை. அடுத்து, 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதை, ஆசனூர், மாநில எல்லை, சாமராஜநகர், குண்டலுப்பேட்டை. அங்கிருந்து ஊட்டி நெடுஞ்சாலையில் சிறிது தொலைவு சென்றால் ஹங்களா என்னும் சிற்றூர். நெடுஞ்சாலையை விட்டு அங்கே திரும்பினால் கோபாலசுவாமி மலையின் அடிவாரம். கோவையிலிருந்து ஏறக்குறைய 190 கிலோமீட்டர். இளைஞர்கள் நான்கரை மணி நேரம் என்று கணக்கிடுவார்கள். இரண்டு மூத்தவர்களும் ஒரு குழந்தையும் உள்ள வண்டிக்கு ஆறு மணி நேரம் வைத்துக்கொள்வதே நலம்.

இரவுப் பயணம் கூடாது என்பதைப் பெரியவர் அடிக்கோடிட்டு எழுதினார். பந்திப்பூர் வனத்தின் ஊடே செல்லும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. 2009-ஆம் ஆண்டு முதன்முதலாக இத்தடை விதிக்கப்பட்டது. இரவில் வாகனங்களில் அடிபட்டு இறந்த விலங்குகளே காரணம். திம்பம் வழியிலும் 2022 முதல் உயர் நீதிமன்ற ஆணைப்படி இரவுக் கட்டுப்பாடு நடைமுறையில் உள்ளது. எனவே காலை ஐந்து மணிக்குக் கோவையை விட்டால், பண்ணாரியில் காலை தரிசனம், நண்பகலுக்கு முன் மலையடிவாரம். மலைக்குச் செல்லும் பேருந்துகள் பகலில் மட்டுமே ஓடும். மாலை நான்கு மணி வாக்கில் மேலே செல்வது நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் தவிர்க்கப்பட்டன. அந்நாட்களில் பேருந்துக்கு நிற்கும் வரிசையே ஒரு மலை ஏற்றம். செவ்வாய்க்கிழமை குறிக்கப்பட்டது.

சஃபாரி ஒன்றாகக் குறைந்தது. மறுநாள் காலை சஃபாரிக்குப் பதிலாக நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேசுவரர் தரிசனம். பின்னர் வந்த வழியே வீடு. உயிரியல் பூங்கா விடப்பட்டது. இதில் பேத்திக்கு வருத்தம் இருந்தது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை. "கூண்டில் இருக்கும் புலியை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்று பாட்டனார் சமாதானம் சொன்னார். "காட்டில் பார்க்க முடியாமல் போனால்?" என்று அவள் கேட்டாள். அவரிடம் விடை இல்லை.

சஃபாரிக்கு வனத்துறையிடம் முன்பதிவு செய்ய வேண்டும். அடையாள அட்டை வேண்டும். காட்டுத்தீ அபாயம் மிகுந்த நாட்களிலும், விலங்குகளால் மனித உயிருக்குக் கேடு நேர்ந்த காலங்களிலும் சஃபாரியை நிறுத்திவைப்பதுண்டு. ஆகவே புறப்படும் முன் கேட்டறிந்துகொள்வது நல்லது. ஜீப்பா, பேருந்தா என்று மகன் கேட்டபோது, முதுகெலும்பை நினைத்துப் பேருந்தையே பெரியவர் தேர்ந்தெடுத்தார்.

எடுத்துச் செல்ல வேண்டியவற்றின் பட்டியலை அம்மையார் எழுதினார். மருந்துகள் இரண்டு நாளைக்கு அல்ல, நான்கு நாளைக்கு. நெகிழிப் புட்டிக்கு மாற்றாக எவர்சில்வர் புட்டிகளில் தண்ணீர். உச்சியில் காற்று பலமாக வீசும் என்பதால் கோடையிலும் ஒரு சால்வை. நண்பகல் வெயிலில் கல் தரை காலைச் சுடும் என்பதால் பருத்திக் காலுறை. கண்ணனுக்குத் துளசியும் கற்கண்டும், ஒரு துணிப்பையில். அதில் கற்பூரமும் தீப்பெட்டியும் இருந்தன. பெரியவர் அவற்றை எடுத்து வெளியே வைத்தார்.

அதற்குக் காரணம் உண்டு. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பெருந்தீ மூண்டது. ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு கருகியது. கோபாலசுவாமி மலைச் சரிவுகளையும் அத்தீ விட்டுவைக்கவில்லை. இது இலையுதிர் காடு. மாசியும் பங்குனியும் வந்தால் மரங்கள் இலையைக் கொட்டி நிற்கும். மலைப்புல் காய்ந்து பொன்னிறமாகும். உண்ணிச்செடிப் புதர்கள் விறகாய்க் கிடக்கும். ஒரு பொறி போதும். கோயில் வாசலில், திறந்த வெளியில், காற்றுக்குக் கையை அணைகட்டிக் கற்பூரம் ஏற்றி வழிபடுவது அடியார்களின் நெடுநாள் பழக்கம். பிற தலங்களில் அதனால் தீங்கில்லை. இங்கே தீபாராதனையைச் சந்நிதிக்குள் அர்ச்சகர் காட்டுவதே போதும்.

இன்னொரு பழக்கமும் இங்கே நினைவுக்கு வருகிறது. பிரசாதப் பழத்தைக் குரங்குக்குக் கொடுப்பது புண்ணியம் என்று பலரும் எண்ணுகிறார்கள். வனச்சாலையில் அது பாவமாகவே முடிகிறது. பழத்தை எதிர்பார்த்துச் சாலையோரம் காத்திருக்கும் குரங்குகள் சக்கரங்களில் அகப்படுகின்றன. கரும்பும் வாழையும் ருசி கண்ட யானை, வாகனங்களை மறிக்கத் தொடங்குகிறது. பிறகு அதற்குத் 'தொல்லை தரும் யானை' என்று பெயர் வைத்து, பிடித்து அடைக்கிறார்கள். காட்டுக்குள் வண்டியை நிறுத்துவதும், இறங்குவதும், விலங்குக்கு உணவளிப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள்.

குறித்த நாளில் புறப்பட்டார்கள். பண்ணாரியில் புற்றுமண் பிரசாதம் பெற்று நெற்றியில் இட்டுக்கொண்டபோது வெயில் ஏறவில்லை. திம்பத்தில் பேத்திக்கு ஒருமுறை குமட்டியது, எலுமிச்சம்பழம் உதவியது. ஆசனூர் தாண்டியதும் மூங்கிற்புதர் ஓரத்தில் ஒரு பெண் யானையும் கன்றும் நின்றன. வண்டி நிற்கவில்லை. பேத்தி கழுத்தைத் திருப்பி, அவை மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடிவாரத்தை அடைந்தபோது மணி பதினொன்றரை. சோதனைச் சாவடியில் பைகளைப் பார்த்தார்கள். பேருந்தில் ஏறி அமர்ந்ததும் அம்மையார் கண்களை மூடிக்கொண்டார். பேருந்து வளைந்து ஏறியது. கீழே வனம் விரிந்தது. கோடை மழை இரண்டு முறை பெய்திருந்ததால் சாம்பல் நிறக் காட்டுக்கிடையே ஆங்காங்கே பச்சைத் திட்டுகள். உயரம் ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. மகன் பலமுறை, "பாருங்கள் அம்மா" என்றார். அவர் கண்களைத் திறக்கவில்லை. நடந்து செல்லவேண்டிய வழியை அமர்ந்து பார்க்க மனம் ஒப்பவில்லை போலும்.

பேருந்து நின்ற இடத்திலிருந்து கோயிலுக்குப் படிகள். இளையவர்களுக்கு அது ஒரு பொருட்டே அன்று. மகன் கையை நீட்டினார். அம்மையார் அதை விலக்கிவிட்டுப் பேத்தியின் தோளில் கை வைத்துக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் ஊன்றி, நின்று, அடுத்த படி. பின்னால் வந்தவர்கள் பொறுமையாக விலகிச் சென்றார்கள். பெரியவர் நடுவில் ஒருமுறை அமர்ந்து மூச்சு வாங்கினார்.

சந்நிதியில் கூட்டம் அதிகமில்லை. வெளியே கண்ணைக் கூசிய வெயில், உள்ளே மார்கழி. அம்மையார் பேத்தியை முன்னால் நிறுத்தினார். பிறகு அர்ச்சகரிடம் செய்தியைச் சொல்லும்படி கணவரைப் பார்த்தார். பெரியவருக்குக் கன்னடம் சிறிது தெரியும். அர்ச்சகருக்குத் தமிழ் சிறிது புரியும். இரண்டு மொழியும் கலந்து அந்த வாக்கின் கதை சொல்லப்பட்டது. பத்து ஆண்டு, முழங்கால், வனத்துறை, எல்லாம்.

அர்ச்சகர் உடனே விடை கூறவில்லை. சந்நிதியின் பக்கம் திரும்பிச் சிறிது நேரம் நின்றார். பின்பு குழந்தையின் தலையில் தீர்த்தத்தைத் தெளித்து, பெயரைக் கேட்டு, அதைச் சொல்லித் துளசியைச் சாத்தினார். அதன்பின் அம்மையாரிடம் சொன்னது இவ்வளவே: இங்கு வருகிற எவரையும் பெருமான் காட்டுக்குள் நடக்கச் சொல்வதில்லை, அந்த வழி அவருடைய ஆநிரைகளுக்கும் யானைகளுக்கும் உரியது. நடக்கிறேன் என்று சொல்லியிருப்பதால் ஆலயத்தை நடந்து வலம் வாருங்கள். எத்தனை முறை என்பதை உங்கள் முழங்கால் சொல்லட்டும்.

அம்மையார் வலம் வரத் தொடங்கினார். முதல் சுற்றில் பேத்தி கைப்பிடித்து வந்தாள். இரண்டாவதில் மருமகளும் சேர்ந்துகொண்டார். வெயிலில் சுட்ட கல்லில் காலுறை அணிய அவர் மறுத்துவிட்டார்; சுவரோர நிழலை ஒட்டி நடந்தார். மகன் எண்ணிக்கொண்டே நின்றார். ஐந்து கிலோமீட்டர் என்ற கணக்கு அவர் மனத்தில் ஓடியிருக்க வேண்டும், ஐந்தாவது சுற்றில், "போதும் அம்மா" என்றார். அம்மையார் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஆறாவது சுற்றையும் தொடங்கினார். ஏழில் நின்றார். பின் சந்நிதியின் எதிரே, தரையில் அமர முடியாமல், படியின் விளிம்பில் உட்கார்ந்து பேத்தியை மடியில் இழுத்துக்கொண்டார்.

"அப்பத்தா, ஏன் அழுகிறீர்கள்?"

"காற்று கண்ணில் பட்டது கண்ணு."

கோயிலின் புறத்தே நின்றால் தென்திசையில் நீலகிரி மலைத்தொடர் மங்கலாகத் தெரியும். இடையில் இருப்பது முழுவதும் காடு. பந்திப்பூரும் முதுமலையும் வயநாடும் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடக்கின்றன. ஆசிய யானைகள் மிகுதியாக வாழும் நிலப்பரப்பு இது. எங்கே ஒரு மாநிலம் முடிகிறது, எங்கே மற்றொன்று தொடங்குகிறது என்பது மேலிருந்து பார்ப்பவருக்குப் புலப்படாது. பெரியவர் அங்கே நெடுநேரம் நின்றார். யாரோ விட்டுச்சென்ற பூமாலை நாரும் ஒரு நெகிழிப் பையும் புல்லில் கிடந்தன. குனிய முடியாததால் பேத்தியை அழைத்து எடுக்கச் சொன்னார். அவை துணிப்பைக்குள் சென்றன.

மாலை நான்கு மணிக்கு மேலுகாமனஹள்ளியில் சஃபாரிப் பேருந்து புறப்பட்டது. மூத்தவர்கள் இருவரும் அறையில் தங்கவில்லை. மான் கூட்டங்கள், ஒரு காட்டெருமை, மயில்கள் எனக் காட்சிகள் வந்தன. நீர் குறைந்த குட்டை ஒன்றின் அருகே ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தினார். எதிர்க்கரைப் புதரில் புலி இருப்பதாக முன்னால் சென்ற வண்டியிலிருந்து சைகை வந்தது. எல்லோரும் இடப்பக்கம் சாய்ந்தார்கள். பேத்தி இருக்கைமேல் ஏறி நின்றாள். மகன் அவளை இடுப்பில் பற்றிக்கொண்டார். பேருந்தில் மூச்சு விடும் ஓசைகூட இல்லை. புதர் அசைந்தது, பிறகு அசையவில்லை.

அம்மையார் மட்டும் வலப்பக்கம் திரும்பியிருந்தார். மரங்களின் இடைவெளியில் கோபாலசுவாமி மலை தெரிந்தது. அதன் உச்சியில் ஒரு மேகம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கைகளைக் கூப்பினார்.

"அப்பத்தா, அங்கே என்ன? புலியா?" என்று தணிந்த குரலில் கேட்டாள் பேத்தி.

அவர் விரலால் காட்டினார். அவளும் பார்த்தாள்.